ஏழு கிலோ எண்டால் எதின்ர எடை?

வொஷிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். வரிசையாக நிற்கிற மெஷின்களில் 6, 7, 8, 10 என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். விற்பனையாளர், "வீட்டில எத்தினை பேர்?" என்று கேட்பார். நாலு பேர் என்றால் ஏழு கிலோ, ஆறு பேர் என்றால் ஒன்பது கிலோ என்று அவரே முடிவையும் சொல்லிவிடுவார். நாங்களும் தலையாட்டிவிட்டு விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவோம்.

ஆனால் எங்களில் யாராவது எப்போதாவது ஊத்தை உடுப்பை நிறுத்துப் பார்த்திருக்கிறோமா? அரிசி, சீனி, மீன் எல்லாம் நிறுத்துத்தான் வாங்குகிறோம். உடுப்பை மட்டும் எண்ணித்தான் பழக்கம். "ரெண்டு சேட், ஒரு சாரம், மூண்டு துவாய் கிடக்கு தோய்க்க" என்று சொல்கிறோமே தவிர, "ரெண்டு கிலோ கிடக்கு" என்று ஒருவரும் சொல்வதில்லை. அப்படியிருக்க, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மட்டும் கிலோ எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், அது சமையலறை மூலையில் நிற்கிற ஒரு வெள்ளைப் பெட்டியோடு முடியவில்லை. கண்டி இராச்சியத்து ஆற்றங்கரைக்கும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்கும் எங்கள் ஊர்க் கிணற்றடிக்கும் அது எங்களைக் கொண்டுபோனது.

முதலில் கணக்கைச் சரியாக விளங்கிக்கொள்வோம்

மெஷினில் எழுதியிருக்கிற 7 கிலோ என்பது காய்ந்த உடுப்பின் எடை. தண்ணீரோடு சேர்த்த எடை அல்ல. அதிலும் அது பருத்தித் துணியின் எடை. சர்வதேசப் பரிசோதனை முறைப்படி, பருத்திப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் என்று ஒரு அளவான குவியலை மெஷினுக்குள் போட்டுத்தான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறார்கள். ஆகவே அது "சாதாரண பருத்தி உடுப்பை, அதற்கான புரோகிராமில் போட்டால், ஆகக்கூடியது இவ்வளவு" என்று சொல்கிற ஒரு எல்லை. ஒவ்வொரு முறையும் அவ்வளவு போடவேண்டும் என்பதல்ல. எந்தத் துணியையும் அவ்வளவு போடலாம் என்பதுமல்ல. பொலியெஸ்டர் போன்ற செயற்கை இழைத் துணிகளுக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். கம்பளி, மெல்லிய துணிகளுக்கு இன்னும் குறைவு.

கண்மட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சேட் ஏறக்குறைய 200 கிராம். ஒரு சாரம் 250 கிராம். ஒரு ஜீன்ஸ் 600, 700 கிராம் வரும். குளிக்கிற துவாய் 400, 500 கிராம். இரண்டு பேர் படுக்கிற கட்டிலின் பெட்சீட் 600, 700 கிராம். ஐந்து சேட், இரண்டு ஜீன்ஸ், மூன்று சாரம், நாலு துவாய், இரண்டு பெட்சீட் என்று போட்டால் ஆறு கிலோவைத் தாண்டிவிடும். ஏழு கிலோ மெஷினுக்கு அது நல்ல நிறைந்த லோட். சந்தேகம் என்றால் ஆள் நிறுக்கிற தராசில் உடுப்புக் கூடையோடு ஒருமுறையும் கூடை இல்லாமல் ஒருமுறையும் ஏறி நின்று கழித்துப் பாருங்கோ.

ஏன் இந்த எல்லை? முன்பக்கம் கதவுள்ள மெஷினில் ட்ரம் சுழலும்போது உடுப்பை மேலே தூக்கிக் கீழே விழுத்துகிறது. அந்த விழுகையில்தான் ஊத்தை கழருகிறது. அரை மீற்றர் விட்டமுள்ள ட்ரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 தடவை சுழன்றால் உடுப்பு மேலே போய் விழும். 60ஐத் தாண்டினால் விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டுவிடும். இறுக்கி அடைத்தால் விழுவதற்கு இடமே இருக்காது. நனைந்த மூட்டை ஒன்று சும்மா உருளும், அவ்வளவுதான். பவுடரும் முழுக்கக் கரையாமல் மடிப்புகளில் தங்கிவிடும். பருத்தி லோட் போட்டபிறகு மேலே ஒரு கை நுழைகிற அளவு இடம் இருக்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான். மிகக் குறைவாகப் போட்டாலும் சிக்கல்தான். தனியே ஒரு பெட்சீட்டைப் போட்டால் அது ஒரு பக்கமாகச் சுருண்டு, ஸ்பின் நேரத்தில் மெஷின் குதிக்கும், அல்லது சுற்றவே மறுக்கும். எங்கள் வீடுகளில் அதிகம் இருக்கிற இரட்டைத் தொட்டி மெஷினில் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். தோய்க்கிற தொட்டியைவிட ஸ்பின் தொட்டியின் கொள்ளளவு பெரும்பாலும் குறைவு. பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பது தோய்க்கிற தொட்டியின் கணக்கு.

இது மெஷினின் கணக்கு. மனிதரின் கணக்கு வேறு.

பானையும் பாறையும்

ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்தவர். தப்பிப் போய் 1681இல் இலங்கை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் சலவைத் தொழிலாளர் பற்றி ஒரு சிறிய பகுதி வருகிறது. 7, 8 கலன் தண்ணீர் கொள்ளும் பானையை அடுப்பில் வைத்து, ஊத்தைத் துணியை அதன் மேல் அடுக்கி, காரம் சேர்ந்த ஆவியில் அவிப்பார்கள், பிறகு ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் பாறையில் அடித்து வெளுப்பார்கள் என்று எழுதுகிறார்.

தமிழில் வெள்ளாவி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இதில் எங்களுக்கு இரண்டு விஷயங்கள் பட்டன. முதலாவது, அங்கேயும் ஒரு "லோட்" இருக்கிறது. ஏறக்குறைய 30 லீற்றர் தண்ணீர் கொள்கிற ஒரு பானை, அதன் ஆவி எட்டுகிற அளவு துணி. பானைதான் எல்லை. இரண்டாவது, பாறையில் அடிப்பதும் ட்ரம்முக்குள் விழுவதும் அடிப்படையில் ஒரே வேலை. துணியை உயர்த்தி வேகமாக ஒன்றில் மோதவிட்டால் ஊத்தை வெளியே வரும். மெஷினில் மோட்டர் தூக்குகிறது. ஆற்றங்கரையில் ஒரு மனிதரின் தோள் தூக்கியது.

நொக்ஸ் இன்னொன்றும் சொல்கிறார். அவர்கள் ஒரு குறிப்பிட்ட சாதிப்படி வரைக்கும்தான் வெளுப்பார்கள், அதற்குக் கீழே இல்லை என்று. அதாவது துணி எவ்வளவு என்பதல்ல, யாருடைய துணி என்பதுதான் முதல் கணக்கு. யாழ்ப்பாணத்திலும் நிலைமை வேறல்ல. குடிமை முறையில் சலவைத் தொழில் ஒரு சமூகத்தின் மேல் பிறப்பாலேயே சுமத்தப்பட்டது. கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று வரவில்லை. பெரும்பாலும் அறுவடை நெல்லாகவும் சடங்குகளில் கிடைக்கிற உரித்தாகவும் வந்தது. சாமத்திய வீட்டிலும் செத்த வீட்டிலும் வெள்ளை கட்டுவதும் அவர்களின் கடமை. பிள்ளைப்பேற்றுத் துணியும் தீட்டுத் துணியும் அவர்கள் வீட்டுப் பெண்களின் கைக்கே போயின. ஒடுக்கப்பட்ட மற்றச் சாதியினருக்கு வெளுக்கத் துரும்பர் என்று தனியாக ஒரு பிரிவே வைக்கப்பட்டிருந்தது. அழுக்கை அகற்றுகிறவரையே அழுக்கானவர் என்று சொல்கிற ஒழுங்கு இது.

இந்த முறையில் உடுப்பு எண்ணப்பட்டது. கொடுக்கும்போது ஒரு எண்ணிக்கை, வாங்கும்போது ஒரு எண்ணிக்கை. தெற்காசியா எங்கும் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் மூலையில் இட்ட குறி, எது யாருடையது என்று சொன்னது. எண்ணிக்கை உடைமைக்காரருக்கு வசதி, ஒன்றும் தவறக்கூடாது. ஆனால் பத்து உருப்படி என்றால் அது பத்துக் கைலேஞ்சியாகவும் இருக்கலாம், பத்துப் போர்வையாகவும் இருக்கலாம். சுமக்கிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல. எண்ணிக்கை அந்த வித்தியாசத்தைக் காட்டாது.

12 றாத்தலுக்கு ஒரு டொலர்

சரி, எடைக் கணக்கு எங்கே வருகிறது? நாங்கள் இதைத் தேடும்போது எதிர்பார்த்தது ஒரு பொறியியலாளரை. கிடைத்தது ஒரு தொழிற்சங்கம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைமுறை ஒழிந்து இரண்டு தசாப்தம்கூட ஆகவில்லை. அட்லாண்டா நகரில் கறுப்பினப் பெண்களில் பெருந்தொகையானோர் வெள்ளையர் வீட்டு உடுப்பை எடுத்துவந்து, தங்கள் முற்றத்தில் தோய்த்துக் கொடுத்துப் பிழைத்தார்கள். காரத்திலிருந்து சவர்க்காரமும் கோதுமைத் தவிட்டிலிருந்து கஞ்சியும் தாங்களே செய்துகொண்டார்கள். பியர் பீப்பாயை வெட்டித் தொட்டி ஆக்கினார்கள். கிணற்றிலிருந்தும் குழாயடியிலிருந்தும் தண்ணீர் சுமந்தார்கள். மாதம் முழுக்க உழைத்துக் கிடைத்தது 4 முதல் 8 டொலர்.

1881 யூலையில் இருபது பெண்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கை எங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது: 12 றாத்தல் உடுப்புக்கு ஒரு டொலர், நகரம் முழுக்க ஒரே விலை. வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். அந்தத் தொழிலில் இருந்த மிகச் சிலரான வெள்ளையினப் பெண்களையும் அழைத்தார்கள். மூன்று கிழமைக்குள் இருபது பேர் மூவாயிரம் பேர் ஆனார்கள். பொலிஸ் கைதுசெய்தது, தண்டப்பணம் விதித்தார்கள். சங்கத்தில் இருக்கிற ஒவ்வொரு சலவைப் பெண்ணும் ஆண்டுக்கு 25 டொலர் கட்டி அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும் என்று நகரசபையில் ஒரு யோசனை வந்தது. மாதம் 8 டொலர்கூடக் கிடைக்காத பெண்களிடம் 25 டொலர்! பெண்கள் மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். நகரத்தின் சலவை முழுவதும் எங்கள் விலையில் எங்கள் கையில் இருக்குமென்றால் அந்தப் பணத்தையும் கட்டத் தயார் என்பது அதன் சாரம். கடைசியில் நகரசபை அந்த யோசனையைக் கைவிட்டது. வரலாற்றாசிரியர் டெரா ஹண்டர் 1997இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெண்களின் கதை விரிவாக வருகிறது.

12 றாத்தல் என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 5.4 கிலோ. ஒரு சின்ன வொஷிங் மெஷினின் முழு லோட். ஆனால் அந்தப் பெண்களுக்கு அது மெஷினின் கொள்ளளவு அல்ல, தங்கள் உழைப்பின் அளவு. "இந்த மூட்டையைத் தோய்ச்சுத் தா" என்பதற்கும் "இது 12 றாத்தல், இது ஒரு டொலர்" என்பதற்கும் இடையில் ஒரு பெரிய தூரம் இருக்கிறது. மூட்டை என்றால் கொடுப்பவர் கட்டுகிற அளவு. றாத்தல் என்றால் தராசு சொல்கிற அளவு. எடை அவர்களின் கையில் ஒரு உரிமைக் கருவியாக இருந்தது.

பெட்டி வீட்டுக்குள் வருகிறது

மெஷின் கனவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜேர்மனியின் றேகன்ஸ்பேர்க்கில் ஷேஃபர் என்ற மதகுரு 1767இல் தன் சலவை இயந்திரம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் நதானியல் பிரிக்ஸ் 1797இல் ஒரு காப்புரிமை பெற்றார். அது எப்படி இருந்தது என்று இன்று பார்க்கமுடியாது. 1836இல் காப்புரிமை அலுவலகம் எரிந்தபோது அந்த ஆவணமும் போய்விட்டது. மின்சார மெஷினுக்கு 1910இல் காப்புரிமை பெற்ற அல்வா ஃபிஷரின் பெயரைப் பலர் சொல்வார்கள். ஆனால் 1904இலேயே மின்சார மெஷின் விளம்பரங்கள் வந்திருந்தன.

இவையெல்லாம் தொட்டிகள்தான். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கவேண்டும். தண்ணீர் விடுவது, உடுப்பை எடுத்துப் பிழிகிற உருளைக்குள் கொடுப்பது, அலசுவது எல்லாம் கையால்தான். எவ்வளவு போடலாம் என்பதும் அந்த ஆளின் கைக்குத் தெரியும். 1937இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கொம்பனி முன்கதவு உள்ள தானியங்கி மெஷினை வெளியிட்டது. தண்ணீர் எடுத்து, தோய்த்து, அலசி, பிழிந்து தானாகவே முடிக்கும். அதிர்வைத் தாங்க அதை நிலத்தோடு ஆணி போட்டு இறுக்கவேண்டியிருந்தது. கதவைப் பூட்டியபிறகு இடையில் கை வைத்துத் திருத்தமுடியாது. முதலிலேயே சரியாகப் போடவேண்டும். கொள்ளளவு எண் இவ்வளவு முக்கியமானது இங்கிருந்துதான் என்று நாங்கள் நினைக்கிறோம். கை அறிந்திருந்ததைத் தாளில் எழுதிக் கொடுக்கவேண்டியதாயிற்று. 1990இல் ஜப்பானின் மட்சுஷிட்டா, லோட்டின் அளவைத் தானே மதிப்பிட்டுத் தண்ணீரையும் நேரத்தையும் மாற்றுகிற மெஷினை விற்கத் தொடங்கியது. கை அறிந்திருந்ததை மெஷினுக்குக் கற்பிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்திருக்கிறது.

இன்னொரு திருப்பமும் உண்டு. 1920கள் வரை அமெரிக்க நகரங்களில் பல குடும்பங்கள் உடுப்பை வெளியே அனுப்பின. வணிக லோண்டரிகள் றாத்தல் கணக்கில் காசு வாங்கின. வீட்டு மெஷின் வந்ததும் அந்த வேலை திரும்ப வீட்டுக்குள் வந்தது. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். மெஷின் உடல் வருத்தத்தைக் குறைத்தது, ஆனால் இல்லத்தரசியின் மொத்த நேரத்தைக் குறைக்கவில்லை. முன்பு வெளியே போன வேலை அவர் தலையில் விழுந்தது. சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்தது. கிழமைக்கு ஒருமுறை மாற்றிய உடுப்பைத் தினமும் மாற்றத் தொடங்கினார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் ரோஸ்லிங் 2010 டிசெம்பரில் ஆற்றிய உரையொன்றில், தனக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா முதன்முதலாக மெஷினில் உடுப்புப் போட்டதையும், வாழ்நாள் முழுக்கக் கையால் தோய்த்த பாட்டி அதைப் பார்க்க வந்து உட்கார்ந்ததையும் சொல்கிறார். மிஞ்சிய நேரத்தில் அம்மா தன்னை நூலகத்துக்குக் கூட்டிப்போனார் என்கிறார். எங்களுக்குள் இதைப் பற்றி வாதம் நடந்தது. கோவன் சரியா, ரோஸ்லிங் சரியா? விறகும் வாளியுமாக நின்ற பெண்ணுக்கு மெஷின் விடுதலைதான். ஆனால் அந்த நேரம் யார் கைக்குப் போகிறது என்பதை மெஷின் தீர்மானிப்பதில்லை. வீடுதான் தீர்மானிக்கிறது.

எண் ஏன் பெருத்துக்கொண்டே போகிறது?

1990களில் ஐரோப்பிய வீடுகளில் 5 கிலோ மெஷின்தான் வழமை. இன்று 8, 9 கிலோ சாதாரணம். அங்கே குடும்பங்களோ சிறுத்துக்கொண்டு வருகின்றன. இதற்கு ஒரு காரணம் விளம்பரம் அல்ல, சட்டம். ஐரோப்பாவில் 1990களின் நடுப்பகுதியில் வந்த மின்சிக்கன அடையாளத்தாள், 60 பாகையில் முழு லோட் பருத்தியைத் தோய்க்கும்போது ஒரு கிலோவுக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்று பார்த்துத் தரம் கொடுத்தது. மெஷினின் இரும்பையும் அடியில் தேங்குகிற தண்ணீரையும் சூடாக்க எப்படியும் மின்சாரம் வேண்டும். அதைக் கூடிய கிலோக்களுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கான கணக்கு குறையும். ஆகவே பெரிய மெஷினுக்கு நல்ல தரம் பெறுவது சுலபம். ஆனால் வீட்டில் ஒருவரும் ஒவ்வொரு தடவையும் முழு லோட் போடுவதில்லை. 2021 மார்ச்சில் வந்த புதிய தாள்தான் முழு லோட், அரை லோட், கால் லோட் மூன்றையும் பரிசோதித்து, 100 தடவைக்கான மின்சாரத்தைச் சொல்கிறது.

எங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெரிய எண் சிக்கனம் அல்ல. பாதி நிறைந்த 10 கிலோ மெஷினைவிட நன்றாக நிறைந்த 6 கிலோ மெஷின் பல வீடுகளுக்குப் போதும். பெரிய போர்வைகளை வீட்டிலேயே தோய்ப்பவர்களுக்கும் ஆட்கள் கூடிய வீட்டுக்கும் பெரியது தேவைதான். "எத்தினை பேர்?" என்ற கேள்வியோடு "கிழமைக்கு எத்தினை தரம் தோய்க்கிறீங்கள்? தண்ணி எங்கயிருந்து வருது?" என்றும் யாராவது கேட்கவேண்டும்.

கொடி வரைக்கும்

எங்கள் ஊர்களில் இப்போது வீட்டுக்கு வீடு உடுப்பு எடுக்க வருகிறவர் இல்லை. அந்தச் சமூகங்களின் பிள்ளைகள் படித்து, போராடி, அந்தக் கட்டாயத்திலிருந்து வெளியே வந்தார்கள். அது மெஷின் கொடுத்த விடுதலை அல்ல. ஆனால் நாங்கள் அந்த வரலாற்றைக் கதைப்பதில்லை. "முந்தி ஆள் வந்து எடுத்துக்கொண்டு போகும்" என்று பெரியவர்கள் சொல்லும்போது அந்த "ஆள்" யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று நாங்களும் கேட்டதில்லை. அவர் விட்டுப்போன வேலை எங்கே போனது? பெரும்பாலும் அம்மாவின் கைக்கு. மெஷின் வாங்கிய பிறகும் பிரிப்பது, போடுவது, எடுப்பது, காயவிடுவது, மழை வந்தால் ஓடிப்போய் எடுப்பது, மடிப்பது எல்லாம் பெரும்பாலும் அதே கை.

ஏழு கிலோ காய்ந்த உடுப்பு, ஸ்பின் முடிந்து வெளியே வரும்போதும் ஏறக்குறைய தன் எடையில் பாதிக்குத் தண்ணீரை வைத்திருக்கும். கூடையில் அது 10, 11 கிலோ. அந்த எடை மெஷினில் எங்கேயும் எழுதியிருக்காது. இந்தக் கிழமை உங்கள் வீட்டில் மெஷின் நின்று பீப் அடிக்கும்போது, யார் எழும்பிப் போகிறார் என்று பாருங்கோ. பிறகு அந்தக் கூடையைக் கொடி வரைக்கும் நீங்கள் தூக்கிப் பாருங்கோ.